3 ஆட்டமும் 105 ஆட்டமும்

நடுவர் அவர்களே, இந்த மார்கழிக் குளிரிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கோத்தகிரிப் பந்தலில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். கால்பந்தாட்டக்காரரின் பெருமைக்கு அளவுகோல் அவர் ஆடிய பன்னாட்டு ஆட்டங்களின் எண்ணிக்கையா, ஆடியதன் தரமா என்பது தலைப்பு. எண்ணிக்கையே என்ற எதிரணித் தலைவர், "நாலைந்து ஆட்டத்தோடு மறைந்தவர்களை யார் நினைக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் நினைக்கிறேன்.

1950 ஜூன் 29 அன்று பிரேசிலின் பெலோ ஹொரிசாண்டே நகரில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் மோதின. இங்கிலாந்தின் தலைவர் பில்லி ரைட். பின்னாளில் 105 பன்னாட்டு ஆட்டங்களைக் கண்டவர், உலகிலேயே முதன்முதலில் நூறைத் தொட்டவர். அமெரிக்காவின் முன்வரிசையில் நின்றவர், நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டே படித்துவந்த, ஹைட்டியில் பிறந்த ஜோ கேட்ஜென்ஸ். தொலைவிலிருந்து வால்டர் பார் உதைத்த பந்தின் குறுக்கே அவர் பாய்ந்து தலையால் திருப்பினார்; அந்த ஒரே கோலில் இங்கிலாந்து தோற்றது. பந்துதான் அவர் தலையில் வந்து பட்டது என்று சொன்னவர்களும் உண்டு. படட்டுமே; படுகிற இடத்தில் தலையைக் கொண்டுபோய் வைத்தவர் அவர்தானே! அமெரிக்காவுக்காக அவர் ஆடியது மொத்தம் 3 ஆட்டங்கள். 105ஐயும் 3ஐயும் தராசில் வைக்கச் சொல்லும் எதிரணியினர், இருவரும் நேருக்கு நேர் நின்ற அந்த மாலையை மட்டும் ஏன் தராசிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்?

எண்ணிக்கையை ஆட்டக்காரரா தீர்மானிக்கிறார்? நம் எஸ்டேட் ஆட்டங்களில் அணிப் பட்டியலை எழுதும் கை எது என்பது இங்கே யாருக்குத் தெரியாது! 1994 உலகக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல் அடித்து, அத்தொடரில் மொத்தம் 6 கோல்களுடன் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதைப் பகிர்ந்துகொண்ட ஓலெக் சாலென்கோவுக்கு, அதுவே ரஷ்யாவுக்கான கடைசி ஆட்டமாயிற்று. பயிற்சியாளர் மாறினார், பட்டியல் மாறியது. அவருடைய ஆட்டக் கணக்கு 8இல் நின்றது.

என் கட்சிக்கே இடிக்கும் ஓர் உதாரணத்தையும் மறைக்க மாட்டேன். 1999-2000 பருவத்தில் இங்கிலாந்து லீக்கில் 30 கோல் அடித்த கெவின் ஃபிலிப்ஸ், நாட்டுக்காக 8 ஆட்டங்கள் ஆடி ஒரு கோலும் அடிக்கவில்லை. குறைவாக ஆடியவரெல்லாம் மேதை என்று நான் வாதாடவில்லை. ஆனால் 8 என்ற அதே எண் சாலென்கோவையும் ஃபிலிப்ஸையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது என்றால், அந்த எண்ணை அளவுகோல் என்பது எப்படி?

நம்மவர் கதைக்கு வருகிறேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில், பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1-2 எனத் தோற்றது. இரண்டு பெனால்டிகளை வீணடித்த அந்த ஆட்டத்தில், 70ஆம் நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் அடித்ததுதான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல். அடுத்து 1950 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் இந்தியா கப்பலேறவில்லை. ஆட்டமே வைக்காமல் இருந்துவிட்டு, அந்தத் தலைமுறையிடம் "எத்தனை ஆட்டம் ஆடினாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம், நடுவர் அவர்களே?