16 வயசுல தொழில்: லோன் கிடைக்காது, 10 காளான் பெட் போடலாம்

வணக்கம் தம்பி தங்கச்சிங்களா! "பிளஸ் ஒன் படிக்கிறேன், தொழில் தொடங்க லோன் கிடைக்குமா?"ன்னு கேக்குறவங்களுக்குத்தான் இன்னைக்கு வீடியோ. கிடைக்காது. முத்ரா, அதாவது சின்னத் தொழிலுக்கு அரசுத் திட்டத்துல பேங்க் குடுக்கிற கடனுக்கு, 18 வயசு முடிஞ்சிருக்கணும். 1872ல வந்த இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 11ஆவது பிரிவுப்படி மைனர், அதாவது 18 முடியாதவங்க, ஒப்பந்தம் போட முடியாது. கல்கத்தாவுல ஒரு மைனர் சொத்தை அடமானம் வெச்சுக் கடன் வாங்கின வழக்குல, அந்த அடமானமே செல்லாதுன்னு 1903ல பிரிவி கவுன்சில் (அப்போ இந்தியாவுக்கும் மேல் நீதிமன்றமா லண்டன்ல இருந்தது) தீர்ப்பு சொல்லிடுச்சு. கடன் குடுத்தவருக்குப் பணமும் திரும்பல. அப்புறம் எந்த பேங்க் குடுக்கும்?

அதனால 18 வரைக்கும் கைக்காசுக்குள்ள அடங்குற, போட்ட பணம் சீக்கிரம் திரும்புற வேலையா பாருங்க. சிப்பிக் காளான் அதுக்குத் தோது. சனி, ஞாயிறு ரெண்டு நாள் வேலை. மத்த நாள்ல காலையும் சாயங்காலமும் தண்ணி தெளிச்சாப் போதும். ஆனா சமவெளில சித்திரை, வைகாசி வெயில்ல ஆரம்பிக்காதீங்க, சூடு தாங்காது.

முதல் தடவை 10 பெட். பெட்டுன்னா வைக்கோலும் காளான் வித்தும் (விதை மாதிரி) அடுக்கி நிரப்பின பாலிதீன் பை. காய்ஞ்ச வைக்கோல் 5 கிலோ, வித்து 5 பாக்கெட், 60க்கு 30 சென்டிமீட்டர் பாலிதீன் கவர் 10. ஒரு பாக்கெட்ல ரெண்டு பெட் போடலாம். வித்துப் பாக்கெட் முழுக்க வெள்ளையா படர்ந்திருக்கணும். பச்சையோ கறுப்போ ஒரு பொட்டு தெரிஞ்சாலும் திருப்பிக் குடுத்துடுங்க. முன்னாடியே வாங்கி அடுக்கி வைக்காதீங்க.

வைக்கோலை 5 சென்டிமீட்டரா நறுக்கி, 5 மணி நேரம் ஊற வெச்சு, 1 மணி நேரம் வேக வைக்கணும். கொதிக்கிற அண்டாவை இறக்குறப்போ வீட்ல பெரியவங்க யாராவது கூட இருக்கணும், இதுல வீரம் வேண்டாம். அப்புறம் சுத்தமான சாக்குல பரப்பி ஆற விடுங்க. ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழிஞ்சா தண்ணி சொட்டக் கூடாது, கையில ஈரம் மட்டும் தெரியணும். நிறையப் பேர் சொதப்புற இடம் இதுதான். பொறுமை இல்லாம ஈரத்தோட அடைச்சா, வாரத்துல பச்சைப் பூஞ்சை வந்துடும், இல்லன்னா புளிச்ச நாத்தம் அடிக்கும். அந்த பெட்டைப் பிரிச்சுக்கூடப் பாக்காதீங்க, அப்படியே தூரமாக் கொண்டு போய்ப் புதைச்சுடுங்க. பிரிச்சா அந்தப் பூஞ்சை அறை முழுக்கப் பரவும்.

கவர்ல 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு வைக்கோல், ஓரமா 25 கிராம் வித்து, மறுபடி வைக்கோல், இப்படி அஞ்சு அடுக்கு. நடுவுல ரெண்டு சின்ன ஓட்டை. 25லேருந்து 28 டிகிரி இருக்குற இருட்டறையில 15லேருந்து 20 நாள் வெச்சா, முழுசும் வெள்ளையாப் படரும். அப்புறம் காத்தோட்டமான குடிலுக்கு மாத்தி, ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் குறையாமப் பாத்துக்கணும். சாக்குத் தொங்க விட்டு நனைச்சா அதுவே போதும். காளான் வந்ததும் முத்த விடாம அறுங்க. முத்தினா காளான்லேருந்து பொடி மாதிரி தூள் பறந்து இருமல் வரும், உள்ளே போறப்போ மாஸ்க் போடுங்க.

இப்போ கணக்கு. நான் சொல்ற விலை ஒரு பேச்சுக்கு, உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. வித்து 250, வைக்கோல் 60, கவர் 50, கேஸ் 100, ஆக 460 ரூபாய். ஒரு பெட்டுக்கு அரை கிலோ, மூணு அறுப்புல சேத்து. முதல் தடவை மூணு பெட் கெட்டுடும்னே எழுதிக்கோங்க. மூணரை கிலோ, கிலோ 200னா 700 ரூபாய். ஒன்றரை மாசத்துக்குக் கையில நிக்கிறது 240! தெளிப்பானும் ஈரப்பதமானியும் வாங்கின காசுகூட அதுல வராது. லட்சம் லட்சமா சம்பாதிக்கலாம்னு தம்ப்நெயில் போடுறவங்க இந்தக் கணக்கைக் காட்ட மாட்டாங்க.

ரெண்டாவது தடவைலேருந்து பத்தையும் ஒரே நாள்ல போடாதீங்க. போட்டா ஒரே வாரத்துல குவியும், அடுத்த வாரம் ஒண்ணும் இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா ரெண்டு வாரம் கேட்டுப் பாப்பாங்க, மூணாவது வாரம் கடைக்குப் போயிடுவாங்க. சனிக்கிழமைக்கு அஞ்சு பெட்டுன்னு போட்டுக்கிட்டே வாங்க. அறுத்த அன்னைக்கே விக்கிற மாதிரி முன்கூட்டியே ஆளைப் பிடிச்சு வையுங்க, காளான் காத்திருக்காது.

முதல் பணம் எங்கேருந்து? உண்டியல் காசு, பொங்கல் காசு. வீட்ல வாங்கினாலும் கைமாத்துன்னு தேதி போட்டு எழுதி, திருப்பிக் குடுங்க. அம்மாவோட மகளிர் குழுக் கடனை இதுக்கு இழுக்காதீங்க: அங்க தவணை மாசாமாசம் கட்டணும், இங்க முதல் காசு வரவே கிட்டத்தட்ட ஒரு மாசம் ஆகும். வாடிக்கையாளர்கிட்ட அட்வான்ஸ் வாங்குறது நல்ல வழிதான், ஆனா ரெண்டு தடவை ஒழுங்கா அறுத்த பிறகு. அப்பா ஆதார்ல லோன் ஆப் பக்கம் மட்டும் போயிடாதீங்க.

10 வயசுக்கு மேல மைனரே தனியா இயக்குற சேமிப்புக் கணக்கை 2014லேயே ரிசர்வ் வங்கி அனுமதிச்சுடுச்சு. எவ்வளவு எடுக்கலாம்ங்குற வரம்பு பேங்குக்கு பேங்க் மாறும். வித்த காசை முதல்ல கணக்குல போட்டுட்டு, அப்புறம் எடுத்துச் செலவு பண்ணுங்க. கூடவே ஒரு நோட்டு: பெட் நம்பர், போட்ட தேதி, வித்து எங்க வாங்கினது, அறுத்த கிராம், கெட்டிருந்தா ஏன். எந்தக் கடை வித்து சொதப்புதுன்னு இந்த நோட்டுதான் காட்டிக் குடுக்கும்.

காளான் பொடி, ஊறுகாய்னு போனா உணவுப் பாதுகாப்புப் பதிவு, அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ வேணும். சின்ன அளவுக்கு வருஷக் கட்டணம் 100 ரூபாய். அம்மா பேர்ல எடுத்துடுங்க.

18 முடிஞ்சதும் முத்ராவுல சிசு பிரிவு, 50,000 ரூபாய் வரைக்கும், ஈடு கேக்க மாட்டாங்க. குடில் போட, ஃபிரிட்ஜ் வாங்க கொட்டேஷன், ரெண்டு வருஷ பாஸ்புக், அந்த நோட்டு, மூணையும் எடுத்துட்டுப் போங்க. ஆனா மனு குடுக்குறதுக்கு முன்னாடி மைனர் கணக்கை மாத்தணும்: புது போட்டோ, புதுக் கையெழுத்து, கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணம்). இதைப் பிறந்தநாள் முடிஞ்ச வாரமே பண்ணிடுங்க, இல்லன்னா கணக்கை நிறுத்தி வெச்சுடுவாங்க, காளான் வித்த காசையே எடுக்க முடியாது.