காட்டு வேலை செய்த உடம்புக்கு எதற்கு உடற்பயிற்சி?

வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா? கிருஷ்ணகிரி அணைப் பக்கம் நடந்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன். பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருப்பது எங்கள் அம்மா, வயது 71. வீடியோ எடுக்கச் சொன்னதே அவர்தான்.

நம்ம ஊரில் பெரியவர்களிடம் உடற்பயிற்சி என்று ஆரம்பித்தாலே, "காலமெல்லாம் காட்டு வேலை செஞ்ச உடம்புப்பா இது, இனிமே என்ன பயிற்சி" என்பார்கள். அம்மாவும் அதையேதான் சொன்னார். கேழ்வரகு அறுத்து, தண்ணீர் சுமந்து, மாங்காய்க் கூடை தூக்கி வளர்ந்தவர், இல்லை என்று யார் சொல்வது? ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு, இங்கே டிவி முன்னால் உட்காருவதைத் தவிர அவருக்கு வேலையே இல்லை, வேலை இல்லாத தசை எந்த வயதிலும் கரையும், வயதானவர்களுக்கு இன்னும் வேகமாகக் கரையும். நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்திருக்க ஆரம்பித்தார், வயசாச்சு என்று விட்டுவிட்டோம். போன வருஷம் பாத்ரூமில் வழுக்கி மணிக்கட்டு உடைந்தது. இடுப்பு எலும்பாக இருந்திருந்தால் படுக்கைதான். அதை நினைத்தால் இப்பவும் எனக்குப் பகீர் என்கிறது.

கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபி செய்ய வந்த அக்கா, கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காரச் சொன்னார். அம்மாவால் இரண்டு தடவைகூட முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்கும் நடை மாதிரியான பயிற்சி செய்யச் சொல்கிறது. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவேற்றும் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கும் பயிற்சி. நாம் நடையோடு நிறுத்திவிடுகிறோம், விழாமல் காப்பாற்றுவதில் பெரும்பங்கு மற்ற இரண்டுக்கும்தான். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள், கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதிலேயே முடியும் என்றால் எழுபதில் ஏன் தயங்க வேண்டும்?

சுகர் இருப்பவர்களுக்கும் ஒன்று. தசை வேலை செய்யும்போது இன்சுலின் உதவி இல்லாமலும் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், அதனால் களி சாப்பிட்ட பிறகு தெருவில் கால் மணி நேரம் நடந்தாலே பலன் உண்டு. இன்சுலின் போடுபவர்கள் பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரை திடீரென்று இறங்கலாம்.

அப்புறம் இது நம்ம பகுதிக்கே உள்ள விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் அதையே குடித்தவர்களில் சிலருக்கு முதுகும் கழுத்தும் மூட்டும் இறுகிப்போயிருக்கும். குனியவே முடியாத தாத்தாவை என் வீடியோவைக் காட்டிக் குனியச் சொல்லாதீர்கள், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். வெளியே போக முடியாதவர்கள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தில் கேளுங்கள், 2021 ஆகஸ்ட் 5 அன்று நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது, பிபி, சுகர் மாத்திரையோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. பலர் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள்.

சரி, அன்று முடியாத அந்த எழுந்து உட்காரும் பயிற்சியை இப்போது அம்மா செய்து காட்டுகிறார். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறேன், பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், பின்னால் நழுவும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அம்மா, மூச்சை அடக்காதீங்க, பிபி ஏறும், வாய்விட்டு எண்ணிக்கிட்டே எழுந்திருங்க. நேத்து பதினொண்ணு வந்தது, இன்னைக்குப் பன்னிரண்டு பார்க்கலாமா?