ஆடுபானின் பறவைகளுக்கு உயிர் கொடுத்தவை மனித முகங்களே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காட்டுயிர் ஓவியர் ஆடுபானை உருவாக்கியது காடா, மனித முகமா என்பது தலைப்பு. எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "முகம் வரைந்தது வயிற்றுப்பாட்டுக்கு, பறவை வரைந்ததுதான் கலை" என்றார். வயிற்றுப்பாடு உண்மைதான். அதோடு முடிந்தது என்பதைத்தான் நாங்கள் மறுக்கிறோம்.

1819. அமெரிக்காவின் கெண்டக்கியில் ஜான் ஜேம்ஸ் ஆடுபானின் வியாபாரம் நொடித்துப்போகிறது. கடனுக்காகச் சிறைக்குப் போய், திவாலாகி வெளியே வருகிறார். வயது 34, வீட்டில் மனைவி, பிள்ளைகள். மிச்சமிருந்தது கைத்திறன். தலைக்கு ஐந்து டாலர் என்று கறுப்புச் சாக்கில் முகங்களை வரைய ஆரம்பித்தார்.

புகைப்படம் வராத காலம் அது. சாகக்கிடப்பவர்களை வரையவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு பாதிரியார், புதைத்த தன் குழந்தையையே தோண்டி எடுத்து வரையச் சொன்னாராம். அந்த முகத்தை உயிரோடு இருப்பதுபோல வரைந்து பெற்றவர்களிடம் கொடுத்ததாக ஆடுபானே எழுதி வைத்திருக்கிறார். நடுவர் அவர்களே, இந்த இடத்தைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அவருடைய பறவைகளும் உயிரற்றவைதான். சுட்டு வீழ்த்திய பறவையைக் கட்டம் போட்ட பலகையில் கம்பியால் நிறுத்துவார். கண்ணும் அலகும் நிறம் மங்குவதற்குள் அசல் அளவிலேயே வரைய வேண்டும். கம்பி உத்தி இளமையிலேயே அவருக்குத் தெரியும், சரி. ஆனால் கம்பி உடம்பைத்தான் நிறுத்தும், பார்வையைக் கொடுக்காது. அசையாத முகத்தில் ஓர் ஆளைக் கொண்டுவரும் பழக்கம் எங்கிருந்து வந்தது? துக்க வீடுகளில் உட்கார்ந்து வரைந்தாரே, அங்கிருந்துதான் என்கிறேன்.

அவருக்கு முன் அமெரிக்கப் பறவைகளை வரைந்த அலெக்சாண்டர் வில்சனின் படங்களைப் பாருங்கள். மரியாதைக்குரிய உழைப்பு. ஆனால் பல பறவைகள் ஒரே தாளில், பெரும்பாலும் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். ஆடுபானின் பூநாரையோ, கழுத்தைத் தரைவரை வளைத்துத் தாளுக்குள் அடங்கி, தனி ஆளாக நிற்கிறது. இனம் தெரிகிறது, அப்புறம் குணமும் தெரிகிறது. உருவப்பட ஓவியர் தேடுவது இதைத்தானே?

காட்டை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. இரை தேடுவதும் சண்டை போடுவதும் காடு காட்டியவை. ஆனால் தேதியைக் கவனியுங்கள். பறவைகளைத் தேடி வரைய ஒஹாயோ ஆற்றில் அவர் படகேறியது 1820 அக்டோபரில், முகம் வரையத் தொடங்கிய பிறகு. 'அமெரிக்கப் பறவைகள்' என்ற அவருடைய நூலுக்காக 1827 முதல் 1838 வரை வெளியான 435 அச்சுப் படங்களுக்கான மூல ஓவியங்களில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வரைந்தவை. பழைய படங்கள் பலவற்றைத் திருப்தியில்லாமல் மறுபடியும் வரைந்தார். காடு மட்டுமே போதும் என்றால், 1819-க்கு முன் அவர் சுற்றியதும் காடுதானே! அந்தப் படங்கள் ஏன் அவருக்கே பிடிக்காமல் போயின?

இதற்கு எதிரணி பதில் சொல்லட்டும். அதைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. நன்றி.