எட்டாத திராட்சையும் எங்கள் மாமாவும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆசைப்பட்ட பாட்டுப் பெட்டி கைநழுவிப் போனால் மனம் ஆறுவது இருப்பதைக் கேட்பதிலா, விடாமல் தேடுவதிலா? இருப்பதைக் கேட்பதில்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் நன்றாகத்தான் பேசினார். இசைத்தட்டு ஓட்டுகிற டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் தயாரிப்பதை 2010-ல் நிறுத்தினார்கள், 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், காத்திருந்தவனுக்குக் கிடைத்தது என்றார். கிடைத்ததுண்ணே. திரும்பி வந்தபோது விலை 4,000 டாலர் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதை விடுங்கள். போகிற போக்கில் ஒன்று சொன்னார் பாருங்கள்: ‘இருப்பது போதும் என்கிறவன், எட்டாத திராட்சை புளிக்கும் என்ற நரி.’ நீங்களும் கைதட்டினீர்கள். அந்த நரி எங்கள் மாமா என்று தெரிந்திருந்தால் தட்டியிருப்பீர்களா?

மாமாவுக்கு நாகமிச்சி டிராகன் என்றால் உயிர். 1982-ல் வந்த கேசட் டெக், அதாவது கேசட்டில் பாட்டைப் பதியவும் கேட்கவும் உதவுகிற பெட்டி. டேப்பைத் தொடும் ஹெட் இம்மி சாய்ந்தாலும் பாட்டு மங்கிவிடும், சலங்கைச் சத்தமெல்லாம் காணாமல் போகும். டிராகன் அந்தச் சாய்வைப் பாட்டு ஓடும்போதே தானாகச் சரிசெய்துகொள்ளும். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு ரெகார்டிங் கடைக்காரர் வைத்திருந்தார். மாமா பாட்டு லிஸ்டோடு போவார், பதிந்து முடியும்வரை கவுன்டரிலேயே நிற்பார். “விக்கிறதா இருந்தா எனக்குத்தான்” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வருவார்.

கடையை மூடப்போவதாகத் தகவல் வந்தது. மாமா சீட்டுப் பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ் ரயில்வே கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போகிறது, முடியவே இல்லை. மாமா இறங்கிப் போய் கேட்கீப்பரிடமே கெஞ்சினார். “கூட்ஸை நான் தள்ளியா சார் விட முடியும்?” என்றாராம். கடைக்குப் போனால், “இப்பத்தாண்ணே ஒருத்தர் வாங்கிட்டுப் போறார்.” இப்பத்தான்! கவுன்டரில் டெக் இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் பளிச்சென்று இருக்கிறது. மாமா அங்கே கையை வைத்துப் பார்த்தார். “சூடு இருந்துச்சுடா!” கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே போனாலும் அந்த கேட்டில் தொடங்கி அந்தச் சூட்டில்தான் முடிப்பார். “இன்னும் சூடு இருந்துச்சுடா!”

நரி பழத்தைப் பழித்துவிட்டுப் போனது. மாமா டிராகனை ஒரு வார்த்தை பழித்ததில்லையே அண்ணே! வீட்டுக்கு வந்து தன் பழைய டெக்கின் மூடியைக் கழற்றினார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைத்தார். ஹெட் ஓரத்தில் குட்டித் திருகாணி ஒன்று உண்டு. கேசட்டை ஓடவிட்டு, காதைக் கொடுத்து, அதைத் துளித்துளியாகத் திருகினார்.

ஓடவிட்டது எந்த கேசட் தெரியுமா? அத்தை பாடிய தாலாட்டு. பக்கத்து வீட்டு டேப்ரெக்கார்டரில் பதிந்தது, அதன் ஹெட் சாய்வே வேறு. அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் மங்கலாகத்தான் கேட்கும். அத்தை இறந்த பிறகு மாமா அதைத் தொட்டதே இல்லை. அன்றைக்குத் திருகாணி சரியான இடத்துக்கு வந்ததும், பாட்டுக்கு அடியில் கண்ணாடி வளையல் குலுங்குகிறது. தொட்டிலை ஆட்டுகிற கை! அந்தச் சத்தம் அதில் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. அன்று தொட்டிலில் கிடந்த பிள்ளை இப்போது காலேஜ் படிக்கிறவள், ஓடிவந்து கேட்டாள்: “அப்பா, அம்மா வளையலாப்பா அது?”

டிராகனும் அந்த வளையலை எடுத்துக் கொடுத்திருக்கும் என்று எதிரணி சொல்லலாம். சொல்லட்டும். தாயில்லாத பிள்ளைக்கு அதைத் தன் கையால் எடுத்துக் கொடுத்தவர் எங்கள் மாமா. தீர்ப்பை அவர் பக்கம் தாருங்கள் நடுவர் அவர்களே. வணக்கம்.