அந்தக் கண்ணும் அதன் இசையும்

வணக்கம். ரீவி திருத்துகிற தொழிலைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னை இன்று நிலையத்துக்கு அழைத்தார்கள். இருபத்தைந்து வருடமாகத் திருகோணமலையில் ஒரு சின்னக் கடையில் அந்த வேலைதான் எனக்கு. ஆனால் இன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு, கடையில் யாரிடமும் சொல்லாத ஒரு கதையைச் சொல்லப் போகிறேன். சின்ன வயதில் எனக்கு ரீவி பயம். வானொலியில் இதைச் சொல்வது வசதி, என் முகம் உங்களுக்குத் தெரியாது.

பெட்டிக்குப் பயமில்லை. நிகழ்ச்சி தொடங்க முன்னர் வருகிற இலச்சினைக்கும் அதன் இசைக்கும்தான் பயம்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்தது அதற்கும் நாலைந்து வருடம் கழித்து, சவூதியிலிருந்து வந்த மாமாவின் புண்ணியத்தில். வீடு உவர்மலையில். மேடான இடம் என்பதால் அப்பா மூன்று தண்ணீர்க் குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி உச்சியில் அன்டனாவைக் கட்டினார். அதைத் திருப்புகிற வேலை எனக்கு. "தம்பி, இன்னும் கொஞ்சம் கடல் பக்கம்... சரி சரி, விட்டிடு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

ரூபவாஹினிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. இந்திய அரசுத் தொலைக்காட்சியான தூரதர்ஷனுக்குத்தான் இந்தக் கூத்து. அது எங்களுக்கு எல்லா நாளும் கிடைக்காது. காற்று அசையாத புழுக்கமான இரவுகளில், கடலுக்கு மேலே சூடான காற்று ஒரு படலமாகப் பரவி நிற்பதுண்டு. வழக்கமாக நேரே போய் வானத்தில் தொலைய வேண்டிய ஒளிபரப்பு அலைகள், அந்தப் படலத்தில் மடங்கிக் கடல் மட்டத்தோடு வெகுதூரம் ஓடிவரும். இதெல்லாம் தொழிலுக்கு வந்த பிறகு படித்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: "இண்டைக்கு இந்தியா இழுக்குது."

இழுத்தால் முதலில் வருவது அந்தக் கண்.

ஒரு உருண்டை. அதைச் சுற்றி இரண்டு வளைவுகள் மெதுவாகச் சுழலும். சுழன்று சுழன்று கடைசியில் கண்ணாகி நிற்கும். எங்கள் பெட்டியில் புள்ளி மழைக்கு நடுவே அது வரும். அலை இரட்டிப்பாக வருவதால் கண்ணுக்குப் பக்கத்திலேயே மங்கலாக இன்னொரு கண்ணும் நிற்கும். இசையும் ஒரே சீராக வராது. கூடும், குறையும், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ ஊதுவது போல இழுபடும். நான் அம்மம்மாவின் கதிரைக்குப் பின்னால் போய்க் குந்திவிடுவேன். காதைப் பொத்திக்கொண்டால் கண்ணைப் பொத்தக் கை இருக்காது. இதுதான் அன்றைக்கு என் பெரிய பிரச்சினை.

அந்தக் கண்ணை வரைந்தவர் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்த தேவாசிஸ் பட்டாச்சார்யா. இசை, ரவிசங்கரும் செனாய்க் கலைஞர் அலி அகமது உசேன் கானும் சேர்ந்து அமைத்தது. 1976 ஏப்ரல் 1ஆம் திகதி முதல் ஒலித்தது. இத்தனை பெரியவர்கள் சேர்ந்து செய்த வேலைக்கு நான் சாரம் நனைக்கிற அளவுக்குப் பயந்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இப்போது கேட்டால் அருமையான மெட்டு. பிழை அவர்களுடையது அல்ல.

அப்படியானால் என்ன பிழை? ஒன்று, திடீரென்று தொடங்குகிற சத்தம். உடம்பு தன்பாட்டில் திடுக்கிடும், அதற்கு வயது வித்தியாசமில்லை. மற்றது, நம்மை நோக்கிப் பெரிதாகிக்கொண்டு வருகிற உருவம். 1971இல் வில்லியம் போல், எட்வர்ட் ட்ரோனிக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் பிறந்து 2 முதல் 11 வாரமேயான குழந்தைகளுக்கு முன்னால் ஒரு நிழலைப் பெருக்கிக் காட்டினார்கள். நேரே மோத வருவது போல நிழல் பெருத்ததும் குழந்தைகள் தலையைப் பின்னுக்கு இழுத்தன, கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தன. பேச்சு வர முன்னரே இருக்கிற பயம் அது. இலச்சினை செய்கிறவர்களுக்கோ, தூரத்திலிருந்து சுழன்று வந்து திரையை நிறைப்பதுதான் பிடித்த வித்தை.

இந்த விசயத்தில் உலகம் முழுக்க எனக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ரஷ்யாவில் வீத் என்ற தொலைக்காட்சி நிறுவனத்தின் இலச்சினை ஒரு சீன ஞானியின் முகம், தலைமேல் ஒரு தேரை. 1990களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இன்றும் கனவில் வருகிறதாம். அமெரிக்காவில் 1965இல் ஸ்கிரீன் ஜெம்ஸ் என்ற நிறுவனம் விட்ட இலச்சினைக்கு எரிக் சிடே சில விநாடி மின்னிசை போட்டார். அதற்குப் பயந்தவர்கள் பேரப்பிள்ளை கண்ட பிறகும் அதையே பேசுகிறார்கள். நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் திரையில் நிற்கிற பரிசோதனைப் படம் என்று ஒன்று உண்டு; பிபிசியின் 1967ஆம் ஆண்டுப் படத்தில் இருப்பது ஒரு சின்னப் பெண்ணும் கோமாளிப் பொம்மையும், அவ்வளவுதான். அந்தப் பொம்மைக்கும் பயந்தார்கள். எனக்கென்னவோ கோமாளியைவிடத் தேரைதான் மோசம் என்று படுகிறது.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். நான் சொல்லும் காலத்தில் திருகோணமலையில் பயப்பட வேறு சத்தங்கள் தாராளமாக இருந்தன. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஹெலிகொப்டர் சுற்றும். இரவில் வெடிச்சத்தம் கேட்கும். அப்பா விறாந்தையில் நின்று "அது தூரத்தில, படுங்கோ" என்பார், நாங்கள் படுத்துத் தூங்கிவிடுவோம். வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் அம்மம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்வார், எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பெயர்களைக் கேட்போம். அந்தப் பயங்களையெல்லாம் வீட்டில் எல்லாருமாகப் பயந்தோம். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று சொல்ல ஒரு பெரியவர் இருந்தார். அந்தக் கண் வருகிறபோது மட்டும் எல்லாரும் சந்தோசமாகக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு உட்காருவார்கள். பக்கத்து வீட்டார் பாயோடு வருவார்கள். அவ்வளவு கலகலப்புக்கு நடுவில் கதிரைக்குப் பின்னால் நான் மட்டும் தனியே. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் சிரிப்பார்கள். உண்மையில் ஒருமுறை சொன்னேன், சிரித்தார்கள்.

போன மாதம் அம்மாவுடன் பழைய கதைகள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விசயம் ஞாபகம் வந்து கேட்டேன். "அம்மா, இந்தியா பிடிச்ச நாளெல்லாம் தொடங்கிற நேரம் பார்த்து நீங்கள் குசினிக்குப் போயிடுவீங்களே, ஏன்?" தேத்தண்ணி போடத்தான் என்பார் என்று நினைத்தேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "அந்தக் கண்ணை ஆர் பார்த்துக்கொண்டிருக்கிறது?"

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தயாரிப்பாளர் சைகை காட்டுகிறார். நிகழ்ச்சியின் முடிவிசையைக் கொஞ்சம் மெதுவாகப் போடும்படி அவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருக்கிறேன். வணக்கம்.