நோக் குளிசையால் மறதி வருமா?

அடுத்த கேள்வி ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் நோவுக்கு நெடுநாளாக டைக்குளோபெனாக் போடுகிறார். இப்போது அடுப்பில் உலை வைத்ததை மறக்கிறார், கேட்டதையே திரும்பக் கேட்கிறார். குளிசைதான் காரணமா?

தங்கச்சி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிவரும் மறதிக்கு அந்தக் குளிசையை நேரே குற்றம் சொல்ல மாட்டேன். டைக்குளோபெனாக், இபுபுரோபன், நப்ரொக்சன் எல்லாம் கொக்ஸ் என்ற நொதியைத் தடுத்துத்தான் வீக்கத்தையும் நோவையும் குறைக்கின்றன. அதே நொதி மூளையில் நினைவு பதியும் இடத்திலும் இருக்கிறது. அதனால், இவை அல்சைமர் நோயைத் தடுக்குமோ என்று ஒருகாலம் பெரிய நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் 2001இல், 70 வயது தாண்டியவர்களுக்கு நப்ரொக்சனும் அதே வகையான செலிகொக்சிபும் கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் மருந்தை நிறுத்தினார்கள். நினைவைக் காக்கவில்லை, நப்ரொக்சன் எடுத்தவர்களின் மதிப்பெண் சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆகவே மறதிக்கு நல்லது என்று யாராவது சொன்னால் எடுக்க வேண்டாம்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. வயதானவர் திடீரென்று, இரண்டொரு நாளில் தடுமாறினால், ஆள் மாறிப் பேசினால், அது அவசரம். இதே வகையான இந்தோமெத்தசின் என்ற குளிசை முதியவர்களுக்கு இப்படிச் செய்வது தெரிந்த விடயம். மற்றது சிறுநீரகம். வெயிலில் களை பிடுங்கி, தண்ணீர் குடிக்காமல் இந்தக் குளிசையைப் போட்டால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறையும். அது பழுதானால் கழிவு தேங்கி மூளையும் குழம்பும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் எவ்வளவு பேருக்கு என்று உங்களுக்கே தெரியும். உடம்பில் எறிகணைத் துண்டோடு வாழ்கிறவர்கள் பாமசியில் தாங்களாகவே வாங்கி வருடக்கணக்கில் போடுவதைப் பார்க்க எனக்கு மனம் தாங்குவதில்லை. அவர்களுக்கு முறையான நோச் சிகிச்சை கிடைக்க வேண்டும்.

பனடோல் இந்த வகையில்லை, ஆனால் அதற்கும் அளவு உண்டு. தடிமனுக்குப் போடும் பிரிட்டன் (Piriton) குளிசை, நித்திரைக் குளிசை, இவைதான் முதியவர்களின் ஞாபகத்தைக் கூடக் கெடுக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: வீட்டில் உள்ள குளிசை எல்லாவற்றையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு அம்மாவோடு கிளினிக்குக் கொண்டுபோங்கள். கிரியற்றினின் (சிறுநீரகச் சோதனை), தைரொயிட், சீனி, பி12 பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறதி எப்போது தொடங்கியது, எந்தக் குளிசைக்குப் பிறகு என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.