தரையில பதிஞ்ச போல்ட்டு

எல்லாருக்கும் வணக்கம். இந்த வெயில்ல கடலூர் மஞ்சக்குப்பம் வரைக்கும் வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்.

போன வருஷம் பொண்ணைப் பாக்க லண்டன் போனப்ப, ஊருக்கு வெளிய ரெண்டாம் உலகப்போர்ல விமானத்தை சுடுறதுக்குன்னு கட்டுன பீரங்கித் தளம் ஒன்னுக்கு மாப்பிள்ளை கூட்டிட்டுப் போனாரு. பீரங்கி இல்லைங்க, நாலு கான்கிரீட் குழி, பக்கத்துல ஆர்டர் கொடுக்குற ரூம், சுத்தி முள்ளு, அவ்ளோதான். ஒரு குழியில இறங்கி மண்ணை ஷூவால ஒதுக்குனேன், வட்டமா வரிசையா துருப்பிடிச்ச போல்ட்டு, பீரங்கிய அதுலதான் இறுக்கியிருக்காங்க. செவுத்துல குண்டு அடுக்குற மாடம். கைய வச்சா ஈரம், சில்லுனு இருந்துச்சு.

அங்க இருந்தது குழல் வாய் 3.7 இன்ச் அகலமான பீரங்கி. மேல போற குண்டு மட்டும் 28 பவுண்டு, கிட்டத்தட்ட 13 கிலோ. இப்ப யோசிங்க, குண்டு மேல போய்ச் சேர 20 செகண்ட் ஆகுதுன்னா, மணிக்கு 300 கிலோமீட்டர்ல வர்ற விமானம் அதுக்குள்ள ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல தாண்டிடும், ஃபுட்பால்ல ஓடுறவனுக்கு முன்னாடி பாஸ் போடுவோமே, அதே கணக்குதான். அந்தக் கணக்கைப் போட பிரெடிக்டர்னு பல்சக்கரம் வச்ச மெஷின், 1941லேர்ந்து நெறைய தளத்துல அதை ஓட்டுனது பொண்ணுங்க. உயரத்தை அளந்ததும் அவங்கதான், ஆனா பீரங்கிய வெடிக்க மட்டும் விடல. எனக்கு அது இன்னும் மனசு ஆறல.

நமக்கென்ன சம்பந்தம்னு கேப்பீங்க. முதல் உலகப்போர்ல, 1914 செப்டம்பர் 22 ராத்திரி, ஜெர்மன்காரனோட எம்டன் போர்க்கப்பல் மெட்ராஸ்ல எண்ணெய் டேங்கைக் கொளுத்துச்சு, இன்னைக்கும் கில்லாடியான ஆளை 'எம்டன்'னு சொல்றோம். 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புலயும் விசாகப்பட்டினத்துலயும் குண்டு போட்டான், மெட்ராஸே காலியாச்சு. இந்தக் கடற்கரை முழுக்க அந்த பயம் இருந்துச்சு.

அங்க வெறும் 80 வருஷத்துக் குழி, அதையே பட்டியல் போட்டு அளந்து வச்சிருக்கான். நம்ம தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டை, 1690ல இங்கிலீஷ்காரன் வாங்கினது, 1758ல பிரெஞ்சுக்காரன் புடிச்சு இடிச்சது. மிச்சம் நிக்கிற செங்கல்லை நம்மள்ல யாரு கிட்டப் போய்ப் பாத்திருக்கோம்? வர்ற ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு கெடிலம் முகத்துவாரத்துகிட்ட நான் அளக்குற டேப்போட நிப்பேன், பசங்களையும் கூட்டிட்டு வாங்க, ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு வாங்க.